உன் அக்காவின் சர்க்கரைக்காக நான் கிடந்த பட்டினி

அன்பும் அடக்கமும் நிறைந்த என் மைத்துனருக்கு (அடக்கம் இனிமேல்தான் வர வேண்டும், வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதிவைக்கிறேன்) உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் பேக்கரியும் அடுப்பும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டாரும், நீ ஆசையாக வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளும், அதன்மேல் காயப்போட்டிருக்கும் துணிமணிகளும் சௌக்கியம் என்றே நினைக்கிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா, ஒரு போன் போட்டால் ஆகாதா என்று கேட்பாய். ஆகாது மச்சான். என் இரண்டு கையும் எந்நேரமும் மாவில் இருப்பதால் என் போன் உன் அக்காவின் கையில்தான் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் அவள்தான் எடுக்கிறாள். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் காதுப் பக்கம் நீட்டுகிறாள். நான் பேசுவதை பன் வாங்க வந்தவர்கள் எல்லோரும் நின்று கேட்டு நடுநடுவே அபிப்பிராயம் வேறு சொல்கிறார்கள். இப்போது சொல்லப்போவது அப்படி நாலு பேர் கேட்கிற சங்கதி அல்ல. அதனால்தான் பின்னறையில் ஒரு மைதா மூட்டைமேல் உட்கார்ந்து, இன்னொரு மூட்டையை மேசையாக்கி எழுதுகிறேன். காகிதத்திலிருந்து வெள்ளையாக ஏதாவது உதிர்ந்தால் பயப்படாதே, தட்டிவிட்டுப் படி.

சங்கதி இதுதான். உன் அக்கா திருட்டுத்தனமாக ரொட்டி தின்கிறாள். நேற்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வெறும் ரொட்டிகூட இல்லை, ஜாம் தடவிய ரொட்டி. சர்க்கரை இருக்கிறவள் மச்சான்! நான் சொன்னால் அவள் திருப்பி நாலு சொல்வாள், நான் ஐந்தாவதுக்கு வழி தெரியாமல் நிற்பேன். நீ கூடப் பிறந்தவன், நீ பக்குவமாகச் சொன்னால் காதில் ஏறும். எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த மூன்று மாதமும் நான் பட்ட பாட்டை நீ கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் பாதிப் பாட்டுக்குக் காரணம் நீ.

மூன்று மாதத்துக்கு முன்னால் உன் அக்கா திடீரென்று இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றாள். போய்ட்டு வா என்றேன். "தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு, நீங்களும் வந்து குத்திக்குங்க" என்றாள். நான் நோய்க்கோ ஊசிக்கோ பயப்படுகிறவன் அல்ல என்பது உனக்கே தெரியும், அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டதும் அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டதும் தூசி விழுந்ததால்தான். மறுநாள் என்னால் அடுப்பை விட்டு நகர முடியவில்லை, அதனால் உன் அக்கா மட்டும் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் கைப்பையைக் கல்லாப் பக்கம் வைத்தாள், ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தாள், என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "என்னங்க, எனக்குச் சர்க்கரை எட்டிப் பாக்குதாம். இன்னும் உள்ள வரலையாம், வாசல்ல நிக்குதாம். இப்பவே சாப்பாட்டைச் சரிபண்ணிக்கிட்டா மாத்திரை இல்லாமலே திருப்பி அனுப்பிடலாமாம்."

"எனக்கு?" என்றேன்.

"உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கீங்க" என்றாள்.

எனக்கு அப்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன். இவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? மாவு பிசையத் தெரியும், அடுப்பு தெரியும், வேறு என்ன தெரியும் எனக்கு? என் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே அவளைக் கேட்டால்தான் தெரியும். அன்று பிசைந்த மாவில் என் கண்ணீர் விழுந்ததா என்று கேட்காதே, அந்த ரொட்டியை வாங்கியவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. ஆனால் உன் அக்கா அதோடு விடவில்லை. ஒரு நிபந்தனை போட்டாள். "நான் மட்டும் தனியாக் கிடக்க மாட்டேன். நீங்க எதிர்ல உக்காந்து பன்னு தின்னா எனக்கு நாக்கு ஊறும். நீங்களும் கூட இருந்தா இருக்கேன். நீங்க என்னைக்கு விடறீங்களோ அன்னைக்கே நானும் விட்டுடுவேன்." ஒரு நோயும் இல்லாத ஒரு மனிதன், கல் போன்ற உடம்பு உள்ளவன், மனைவிக்காக வாயைக் கட்ட ஒப்புக்கொண்டான் என்பதை நீ உன் வீட்டில் சத்தமாகவே சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்று சாயங்காலமே உன் குரல்செய்தி வந்து சேர்ந்தது. "அத்தான், மைதா, அரிசி, சர்க்கரை மூணையும் தூக்கி வெளிய போடுங்க. ராத்திரி சாப்பிட்டா அடுத்த சாப்பாடு மறுநாள் சாயங்காலம்தான். நான் அப்படித்தான் இளைச்சேன்." ஒரு பேக்கரிக்காரனைப் பார்த்து மைதாவைத் தூக்கி வெளியே போடு என்கிறாயே, உனக்கு வாய் எப்படி வந்தது? உண்ணாவிரதம் என்றால் எதிரில் ஒரு கோரிக்கையாவது இருக்க வேண்டும், நாலு பேர் வந்து முடித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சவாவது வேண்டும். என்னிடம் யாரும் கெஞ்சவில்லை. ஆனாலும் நீ சொன்னாயே என்று மறுநாள் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு அடுப்பைப் பற்றவைத்தேன். காலையில் ஒன்றும் தெரியவில்லை. பத்து மணிக்குமேல் வேர்த்தது, அடுப்புப் பக்கம் யாருக்குத்தான் வேர்க்காது என்று விட்டுவிட்டேன். கை நடுங்கியது, பசிக்குக் கை கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் எனக்கு இரண்டு அடுப்பு தெரிந்தது. நமக்கு இருப்பது ஒன்றுதானே என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. பன் தட்டைத் தூக்கி, இல்லாத அடுப்புக்குள் விட்டேன். தட்டு தரையில், பன் தரையில், பன்மேல் நான். உன் அக்கா ஓடிவந்து வாயில் எதையோ இனிப்பாக ஊட்டி, தண்ணீரைக் கொடுத்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவளும் அன்று என்னோடு பட்டினிதான், ஆனால் திடமாக இருந்தாள், என்னைத் தாங்கிப் பிடித்தாள். பெண்களுக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி அதிகம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா குட்டையான உருவம், பேச்சு மட்டும் மழை. "யாரைக் கேட்டு இப்படிப் பண்ணீங்க?" என்றார்.

"என் மைத்துனரைக் கேட்டு."

"அவர் டாக்டரா?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில இருக்கார்."

"அப்ப அவர்கிட்ட கண்ணாடியைப் பத்தி மட்டும் கேளுங்க" என்றார். இதை நான் சொல்லவில்லை, அவர் சொன்னது, நீ என்மேல் கோபப்படாதே. அப்புறம் பிடித்துக்கொண்டார் பார்: "ரெண்டையும் ஒரே நாள்ல யாராவது ஆரம்பிப்பாங்களா? முதல்ல தட்டை மாத்துங்க. ரொட்டி, சோறு, இனிப்பு எல்லாம் குறையட்டும். அந்த இடத்துல முட்டை, மீன், கறி, கீரை, காய், தயிர், கொஞ்சம் பாதாம், நிலக்கடலைன்னு வரட்டும். அது பழகின அப்புறம்தான் நேரத்தைக் கையில எடுக்கணும். ராத்திரி சீக்கிரமாச் சாப்பிட்டு முடிச்சுட்டு, பன்னெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க, போதும். அதுல பாதி தூக்கத்துலயே போயிடும். அது சுலபமா இருந்தா அப்புறம் மெதுவா ஒரு மணி நேரம் கூட்டுங்க. ஒரு அவசரமும் இல்ல. தண்ணி நிறையக் குடிங்க. அடுப்புப் பக்கம் நின்னு வேர்க்கறதால உப்பை ஒரேயடியா நிறுத்திடாதீங்க. கை நடுங்கினா, தலை சுத்தினா, கண்ணு மங்கினா அந்த நிமிஷமே சாப்பிட்டுடணும், அங்க போய் வீரம் காட்டக் கூடாது. சாப்பிடற நேரம் வந்தா வயிறாரச் சாப்பிடணும், இது பட்டினிப் போட்டி இல்ல. இதுவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடறவங்களா இருந்தா, கர்ப்பிணியா இருந்தா, என்னைக் கேக்காம இதைத் தொடவே விட மாட்டேன். மாத்திரை இல்லாத நிலைமைங்கறதால சம்மதிக்கிறேன்." இவ்வளவையும் உன் அக்காவைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நோயாளி இங்கே உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரனைப் பார்த்துப் பேசுகிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கணவனிடம் சொன்னால் குடும்பமே கேட்கும் என்ற பழைய நம்பிக்கை போலிருக்கிறது, பாவம், நம் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் ஒழுங்காக ஆரம்பித்தோம். காலையில் முட்டை, மத்தியானம் மீனோ கறியோ ஒரு மலை கீரையோடு, மாலையில் தயிரும் வெள்ளரிக்காயும். முட்டைக்காரர் எங்களைப் பார்த்தாலே எழுந்து நிற்க ஆரம்பித்தார். முதல் வாரம் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுப்பிலிருந்து பன் மணம் வரும்போதெல்லாம் உலகத்தின்மேலேயே கோபம் வந்தது. இரண்டாவது வாரம் கோபம் சோகமாயிற்று. அப்புறம் ஒருநாள் காலையில் எழுந்தால் பசியே இல்லை மச்சான், தலை தெளிவாக இருக்கிறது, கால் லேசாக இருக்கிறது. சரி, இதில் ஏதோ இருக்கிறது என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனோம். காலைச் சாப்பாடு தானாகவே நழுவிப் பத்து மணிக்கு மேல் போய் நின்றது. சாப்பிடாத நேரத்தில் தண்ணீர், பாலும் சர்க்கரையும் இல்லாத டீ, அவ்வளவுதான். நான் ஒரு முனிவனாகவே ஆகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில்தான் உன் அக்கா மண்ணைப் போட்டாள். என் மீசையைப் பார்த்து, "இது என்ன?" என்றாள். தடவிப் பார்த்தேன், ரொட்டித் துகள். "இது ருசி பாத்தது" என்றேன். மச்சான், நீ கண்ணாடிக்கடைக்காரன், உனக்கு எங்கள் தொழில் தெரியாது, சொல்கிறேன் கேள். அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலும் முதல் பன்னைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தபிறகுதான் மற்றவை வெளியே போக வேண்டும். என் அப்பா அப்படித்தான், நானும் அப்படித்தான், உன் பேச்சைக் கேட்டு விழுந்த அந்த ஒருநாள் தவிர. கேக்கின் ஓரத்தை வெட்டினால் அந்த ஓரத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. உடைந்த பிஸ்கட்டை யாரும் வாங்க மாட்டார்கள். இதெல்லாம் வேலை. சாப்பாடு வேறு. பசியாறுவதற்காக உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது சாப்பாடு, நின்றுகொண்டு வேலைக்காக வாயில் போட்டால் அது எந்தக் கணக்கிலும் வராது என்று நான் நெஞ்சாரவே நம்பியிருந்தேன்.

மறுநாள் உன் அக்கா ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அடுப்புப் பக்கம் வைத்தாள். "இன்னைக்கு ஒருநாள் மட்டும், வாய்ல போடறதையெல்லாம் இதுக்குள்ள போடுங்க. ருசி பாக்கற அதே அளவு, கூடவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றாள். இதென்ன பிரமாதம் என்று போட ஆரம்பித்தேன். மணி எட்டு ஆவதற்குள் டின் பாதி நிறைந்தது. பத்து மணிக்கு மூடி போட முடியவில்லை. அழுத்திப் பார்த்தேன், கேக் ஓரம் பக்கவாட்டில் பிதுங்கியது. உன் அக்கா டின்னைத் தூக்கிக் கல்லாமேல் வைத்து, "இதுதான் நீங்க சாப்பிடாம இருந்த லட்சணமா?" என்றாள். நான் அசடு வழிய நின்றேன். இத்தனை வருஷமாகக் காலையில் வெறும் டீ மட்டும் குடிக்கிறவன் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன், அந்த டின்னைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ருசி பார்க்கும் பதவி என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. யாருக்குக் கொடுப்பது? எதிர்க்கடைக் கடிகாரக்காரர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார், அவரைக் கூப்பிட்டு வைத்தோம். நல்ல மனிதர், யார் மனத்தையும் நோகடிக்க மாட்டார், அதுதான் வினையாகப் போயிற்று. எதைக் கொடுத்தாலும் மென்று, கண்ணை மூடி, "நல்லாத்தான் இருக்கு" என்பார். ஒருநாள் மாவில் நான் உப்புப் போட மறந்துவிட்டேன். அதையும் மென்று, கண்ணை மூடி, "நல்லாத்தான் இருக்கு, ரொம்ப சாதுவா இருக்கு" என்றார். அன்றைய ரொட்டி முழுக்க வெளியே போய்விட்டது. மறுநாள் பக்கத்துக்கடை முடிதிருத்துபவர் பாதி ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணே, பஞ்சு மூட்டையை அறுத்துக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடைசியில் உன் அக்காவே, "நான் பாக்கறேன் ருசி" என்றாள். நான் பதறிப்போய், உனக்குத்தானே சர்க்கரை என்றேன். "நான் நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவேன், உங்களை மாதிரி முழுங்க மாட்டேன்" என்றாள். அவள் துப்பி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நாகரிகமாக மறைவில் துப்புகிறாள் என்று மெச்சிக்கொண்டேன்.

முடிதிருத்துபவர் கடையில் ஒரு செய்தி விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெருக்கோடிவரை போய்விடும். பேக்கரிக்காரர் தன் கடை ரொட்டியைத் தானே தொடுவதில்லையாம், மாவில் ஏதோ இருக்கிறதாம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. வாங்க வருகிறவர்கள் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் நேராகவே, "எங்க, எங்க முன்னாடி ஒரு பன்னு சாப்பிடுங்க பாப்போம்" என்று கேட்டுவிட்டார். கடையில் ஏழெட்டுப் பேர். சாப்பிட்டால் கடை பிழைக்கும், சாப்பிடாவிட்டால் உன் அக்கா பிழைப்பாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது மச்சான், சத்தியமாக. பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு விழித்தேன். அதற்குள் உன் அக்கா உள்ளேயிருந்து வந்து, பன்னை என் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டு அந்த அம்மாளிடமே நீட்டி, "நகைக்கடைக்காரர் கடையில இருக்கற நகையையெல்லாம் தானே போட்டுக்கிட்டா உக்காந்திருக்கார்? விக்கறதுக்குத்தாங்க நாங்க சுடறோம்" என்றாள். கடையே சிரித்தது. அந்த அம்மாள் கூட நாலு பன் வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. விரதம் அவளுக்காக, இளைத்தது நான். கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை, பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டாயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. குறட்டை நின்றுவிட்டது என்கிறாள், அதை நான் நம்பவில்லை, நான் எப்போது குறட்டை விட்டேன்? உன் அக்கா மட்டும் அன்று பார்த்த மாதிரியே இருக்கிறாள், முகம் கொஞ்சம் பளிச்சென்று ஆகியிருக்கிறது. நல்லது செய்தால் செய்கிறவனுக்கே திரும்பி வரும் போலிருக்கிறது. போன வாரம் மறுபடி இரண்டு பேரும் போய்க் குத்திக்கொண்டோம் (தூசி விழவில்லை). டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "நல்லா இறங்கியிருக்கு! வாசலைத் தாண்டித் தெருவுக்கே போயிடுச்சு. இப்படியே நிதானமாப் போங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட இருந்து பார்த்துக்கொண்ட புருஷனுக்கு மரியாதை செய்யத் தெரிந்த டாக்டர். வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிழைச்சோம்டி" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவு சந்தோஷமாக இருந்தவனுக்குத்தான் நேற்று அந்தக் காட்சி. மத்தியானம் ஏலக்காய் டப்பா எடுக்கப் பின்னறைக்கு வருகிறேன், இதே மூட்டைமேல் உன் அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ரொட்டித் துண்டில் ஜாம் வழிய வழிய வைத்துக்கொண்டு தின்கிறாள். காலை வேறு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அப்படியே பின்னோக்கி நடந்து வெளியே வந்துவிட்டேன். கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. இறங்கிவிட்டதே என்ற தைரியத்தில் ஆரம்பித்துவிட்டாள். இது திரும்ப ஏறினால், மாத்திரை, அப்புறம் ஊசி, அப்புறம் என்னென்னவோ சொல்கிறார்கள். நேற்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள், சொல்லு.

ஆகையால் மச்சான், நீ வரும் ஞாயிற்றுக்கிழமை வா. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. பொதுவாக ஆரம்பி, கண்ணாடிக்கடைக்கு வருகிற சர்க்கரைக்காரர்களைப் பற்றிப் பேசு, கண் பார்வை மங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை போடு, பிறகு ஜாமுக்கு வா. நேரடியாக ஜாமுக்குப் போய்விடாதே, உஷாராகிவிடுவாள். வரும்போது இனிப்பு வாங்கிவராதே, வெள்ளரிக்காய் வாங்கி வா.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். உன் வீட்டில் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்.

பி.கு: மாட்டிக்கொண்டேன். உன் அக்கா பின்னறைக்கு வந்துவிட்டாள். "உன் தம்பிக்குச் சும்மா நலம் விசாரிச்சு எழுதறேன்" என்றேன். தானும் இரண்டு வரி எழுத வேண்டுமாம். "நீங்க எழுதினதை நான் படிக்கல, நான் எழுதறதை நீங்க படிக்கக் கூடாது" என்று ஒப்பந்தம். தனித்தாளில் எழுதி, இதோடு சேர்த்து, மாவுப் பசை தடவி உறையை அவளே ஒட்டப்போகிறாளாம். இந்த வீட்டில் மைதாவுக்கு இப்போது அந்த வேலைதான். நான் சொல்லைக் காப்பாற்றுகிறவன், படிக்க மாட்டேன்.

தம்பி, அக்கா எழுதறேன். அவர் எழுதினதை நான் படிக்கல. ஆனா மீசையில ஒட்டியிருந்தது ரொட்டித் துகள் இல்ல, கேக். நகைக்கடைன்னு நான் சொன்னப்ப அந்த அம்மா வாங்கினது நாலு பன் இல்ல, ஆறு. போகட்டும். நீ என்னை நினைச்சுக் கவலைப்படறதா உன் பொண்டாட்டி போன்ல சொன்னா, அதனாலதான் எழுதறேன். எனக்கு ஒண்ணும் இல்லடா. அன்னைக்கு டாக்டரம்மா சொன்னப்ப சர்க்கரை எட்டிப் பாத்தது எனக்கு இல்ல, உங்க அத்தானுக்கு. எனக்கு எல்லாம் சரியா இருந்தது. அவர் அசதியும் தாகமுமா இருந்ததைப் பாத்துத்தான் நான் பரிசோதனைக்கே கிளம்பினேன், எனக்குன்னு சொன்னாத்தானே கூட வருவார். திரும்பி வந்து உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவரைப் பாத்ததும் மாத்திச் சொல்லிட்டேன். உனக்குத் தெரியாதா அவரை? ஒரு பல்லைப் பிடுங்கினதுக்கு, தனக்கப்புறம் கடையை யார் பாத்துக்கணும்னு எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்ன ஆளு. தனக்கு நோய்னா படுத்துடுவார். எனக்கு நோய்னா எழுந்து நிப்பார். நிக்கட்டுமேன்னு விட்டேன். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் தனியாக் கூப்பிட்டு, சொல்லிடுங்கன்னு என்னைத் திட்டறாங்க. நானும் நேரம் பாத்துக்கிட்டே இருக்கேன். இவ்வளவு இறங்கின அப்புறம் இப்ப சொல்லலாம்னு இருக்கேன், ஞாயித்துக்கிழமை நீயும் வந்தா கூட இருப்ப, அவர் விழுந்தா ஒரு பக்கம் நீ பிடிச்சுக்க. ராத்திரியும் காலையும் அவரோட சேந்து நானும் முட்டையும் காயும்தான் தின்னேன், பொய் சொல்லல. மத்தியானம் மட்டும் முடியலடா. ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் ஜாம். நேத்து அவர் பாத்துட்டார்னு நினைக்கிறேன், ராத்திரி பூரா என் நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாத்தார். நீ இனிப்பே வாங்கி வா, எனக்கு. உறையை நானே ஒட்டறேன்.

மச்சான், மறுபடியும் நான்தான். தபாலில் போடச் சொல்லி, மாவுப் பசையால் ஒட்டிய உறையைப் பேக்கரிக்காரன் கையிலேயே கொடுத்தால் என்ன ஆகும்? கெட்டிலின் ஆவிக்கு நேரே பிடித்தேன், உறை தானாக வாயைத் திறந்துவிட்டது. படித்துவிட்டேன். முதலில் என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம் பயங்கரமாகக் கோபம் வந்தது, கட்டின புருஷனிடம் மூன்று மாதம் இப்படி ஒரு புளுகா, அந்த டாக்டரம்மா குலுக்கினாரே கையை, அதுகூட எனக்கே எனக்கா என்று எழுந்து நின்றேன். கடைக்குள் போய் ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று கதவுவரை போனேன். அவள் கல்லாவில் யாருக்கோ பன் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மச்சான் எனக்கு உறைத்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்த ஒன்றுமே அவளுக்கு இல்லை! நன்றாக இருக்கிறாள், முழுசாக இருக்கிறாள். திரும்பி வந்து மூட்டைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், இந்த முறை தூசி என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு இருந்தால் என்ன, அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, தட்டும் நேரமும் பழகிவிட்டது, இனிமேல் விடவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லும்போது நான் முதல்முறை கேட்பது போல அதிர்ச்சியாகி விழ வேண்டும், நீ மறக்காமல் ஒரு பக்கம் பிடித்துக்கொள். உறையை மறுபடி ஒட்டிவிடுகிறேன். உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள், சாப்பிடுகிற நேரம் வந்துவிட்டதாம். போய் எதிரில் உட்கார வேண்டும். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை மச்சான், சிரிப்பு அடங்க மாட்டேன் என்கிறது.